ராஜபாளையம் குட்டி: இரவெல்லாம் அழுகிறது, பெயர் சொன்னால் திரும்புவதில்லை

வைகைக்கரை (மதுரை)

வணக்கம். எங்கள் வீட்டுக்கு ராஜபாளையம் ஆண் குட்டி வந்திருக்கிறது. இரண்டு மாதம் முடிந்துவிட்டது என்று கொடுத்தவர் சொன்னார். ஒரு புள்ளிகூட இல்லாத வெள்ளை, மூக்கு இளஞ்சிவப்பு. வேலன் என்று பெயர் வைத்திருக்கிறோம். நாய் வளர்ப்பது எங்களுக்கு இதுதான் முதல் தடவை.

விளக்கை அணைத்ததும் அழத் தொடங்குகிறான், விடியும்வரை விட்டு விட்டு அழுகிறான். போர்டிகோவில் கட்டிப் போட்டால் பழகிவிடும் என்கிறார் அம்மா. மனைவிக்கு அதில் சம்மதம் இல்லை. கூடத்தில் நினைத்த இடத்தில் சிறுநீர் கழிக்கிறான். ஃபினாயில் ஊற்றித் துடைத்தாலும் மறுபடி அதே மூலைக்குப் போகிறான். மகள் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். அவளுடைய குதிகாலையும் பாவாடை நுனியையும் கடித்து இழுக்கிறான், அவள் கத்தினாலும் விடுவதில்லை. ஒரு தடுப்பூசி போட்டாயிற்று என்றார்கள். அட்டை எதுவும் தரவில்லை.

இன்னொன்று. பெயரைச் சொன்னால் வருவதில்லை, சாப்பாட்டுத் தட்டைக் கண்டால் மட்டும் பாய்ந்து வருகிறான். தூங்கினால் பக்கத்தில் குக்கர் விசில் அடித்தாலும் அசைவதில்லை. சின்னக் குட்டி என்பதால்தானே? பெயர் பழகுவதற்கு எவ்வளவு நாள் பிடிக்கும்?

மொட்டைமாடி (சென்னை)

வாழ்த்துகள். முதலில் இரவைப் பற்றி. நேற்றுவரை தாயின் வயிற்றோடு ஒட்டி, கூடப்பிறந்தவற்றின் மேல் தலையைப் போட்டுத் தூங்கிய குட்டி அது. தனியாக விட்டால் பயந்துதான் அழும். அந்த அழுகையைப் பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம். உங்கள் கட்டிலை ஒட்டி உயரமான அட்டைப்பெட்டி ஒன்றில் பழைய சேலையை விரித்து அதில் படுக்க வையுங்கள். பெட்டியைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கதவுப் பக்கம் நகர்த்திக்கொள்ளலாம்.

சிறுநீர் விஷயத்தில் அவனைவிட நீங்கள்தான் முதலில் பழக வேண்டும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் தூக்கிக்கொண்டு போய் ஒரே இடத்தில் இறக்கிவிடுங்கள். அங்கே போய் முடித்த மறுநொடியே ஒரு துண்டு வேகவைத்த கோழி. வீட்டுக்குள் வந்த பிறகு கொடுத்தால் எதற்காகக் கிடைத்தது என்று அவனுக்குப் புரியாது. இரண்டு மாதக் குட்டியால் மூன்று மணி நேரம் அடக்க முடிந்தால் அதுவே அதிகம், ஆகவே இரவில் ஒரு தடவையாவது நீங்கள் எழுந்தாக வேண்டும். ஃபினாயில் வாடை நம் மூக்குக்குத்தான் மறைக்கும், அவன் மூக்குக்கு அந்த மூலை இன்னும் கழிப்பிடம்தான். செல்லப்பிராணிக் கடைகளில் நொதி கலந்த துப்புரவுத் திரவம் கிடைக்கும், அதைப் பயன்படுத்துங்கள். போன இடத்தில் மூக்கைத் தேய்ப்பது, செய்தித்தாளைச் சுருட்டி அடிப்பது எல்லாம் கூடவே கூடாது. உங்களுக்குத் தெரியாமல் கட்டிலுக்கு அடியில் போகத்தான் அது கற்றுக்கொள்ளும்.

கரிசல்மண் (ராஜபாளையம் வட்டாரம்)

தம்பி, இந்த நாய்களோடுதான் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் குடித்தனம். கட்டிலுக்குப் பக்கத்தில் படுக்க வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. காவலுக்கு உள்ள நாய் வாசலில்தான் வளர வேண்டும் என்பது எங்கள் பழக்கம். அது இருக்கட்டும். அதைவிட முக்கியமானது ஒன்று கண்ணில் பட்டது.

குக்கர் விசிலுக்கு அசையாத குட்டி என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு மாதக் குட்டி ஆழ்ந்து தூங்கும், உண்மைதான். ஆனாலும் விசிலுக்குக் காது மடலாவது துடிக்க வேண்டும். மகள் கத்தினாலும் கடியை விடவில்லை என்கிறீர்கள். தட்டைக் கண்டால் வருகிறான், பெயருக்குத் திரும்புவதில்லை. வெள்ளை உடம்பு, சிவந்த மூக்கு. எங்கள் ஊர் நாய்களில் காது கேளாத குட்டிகள் பிறப்பதுண்டு. வேலனுக்குக் காது கேட்கிறதா என்று முதலில் பாருங்கள், பயிற்சியெல்லாம் பிறகு.

எப்படிப் பார்ப்பது? அவன் தூங்கும்போது பின்பக்கமாக, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். தரை அதிரக் கூடாது, அவன் மேல் காற்று படக் கூடாது, உங்கள் நிழல் விழக் கூடாது. கை தட்டினால் காற்று போகும். சாவிக்கொத்தைக் கையிலேயே குலுக்குங்கள், அல்லது அடுத்த அறையில் எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டச் சொல்லுங்கள். விழித்திருக்கும்போதும் ஒருமுறை செய்து பாருங்கள்.

டாக்டர்_நெல்லை (திருநெல்வேலி)

கால்நடை மருத்துவராக இரண்டு விஷயங்கள் சொல்கிறேன்.

அட்டை இல்லை என்றால் ஊசி போடவில்லை என்றே கணக்கு. மருந்தின் ஒட்டுச்சீட்டும் தேதியும் மருத்துவர் கையெழுத்தும் உள்ள அட்டைதான் சான்று. நாளைக்கே மருத்துவரிடம் கொண்டுபோய்க் குடற்புழு நீக்கத்தையும் கூட்டுத் தடுப்பூசியையும் முதலிலிருந்து தொடங்குங்கள். டிஸ்டெம்பர், பார்வோ, கல்லீரல் அழற்சி ஆகியவற்றுக்கான கூட்டூசியை ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் ஆரம்பித்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, குட்டிக்குப் பதினாறு வாரம் ஆகும்வரை போட வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பாற்றல் ஊசி மருந்தையும் செயலிழக்கச் செய்யும். அது எப்போது வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறுவதால்தான் ஒரே ஊசியோடு நிறுத்துவதில்லை. வெறிநோய்க்கான ஊசி மூன்று மாதத்தில். கூட்டூசிகள் முடியும்வரை தெருமண்ணில் இறக்கிவிடாதீர்கள். பார்வோ வந்த நாய் கழிந்த இடத்தில் அந்தக் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண ஃபினாயிலை நம்ப முடியாது, அதைக் கொல்ல பிளீச்சிங் கரைசல் வேண்டும். ஆனால் வீட்டுக்குள்ளேயே பூட்டியும் வைக்காதீர்கள். மூன்று முதல் பதினான்கு வாரம்வரை எதையெல்லாம் பார்க்கிறதோ அதற்கெல்லாம் குட்டி பின்னாளில் பயப்படாது. தோளில் தூக்கிக்கொண்டு கடைத்தெருவையும் ஆட்டோவையும் ஹெல்மெட் போட்டவரையும் காட்டுங்கள்.

காதைப் பற்றி ஐயா சொன்னது சரியான சந்தேகம். தோலுக்கு நிறம் தரும் செல்கள் உட்செவிக்குள்ளும் இருக்கின்றன. ஒலியை உணரும் நுண்ணிய மயிர்ச்செல்களுக்குத் தேவையான சூழலை அங்குள்ள இரத்தநாளப் பகுதிதான் காக்கிறது. அந்தப் பகுதி பிழைப்பதற்கு நிறமிச் செல்கள் வேண்டும். வெள்ளை நாய்கள் சிலவற்றில் அந்தச் செல்கள் உட்செவிக்குப் போய்ச் சேர்வதே இல்லை. குட்டிகளுக்கு இரண்டு வாரத்தில் செவித்துளை திறக்கும். அடுத்த ஓரிரு வாரங்களிலேயே உட்செவி பழுதாகிவிடும், பிறகு சரிசெய்ய மருந்தில்லை. டால்மேஷியனிலும் இதே கதைதான். வெள்ளையாகப் பிறந்த எல்லாமே செவிடு என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு காது மட்டும் கேளாத குட்டிகளும் உண்டு. அவற்றை வீட்டுச் சோதனையில் கண்டுபிடிக்க முடியாது, மூளைத்தண்டின் செவி மின்தூண்டலை அளக்கும் கருவிதான் காட்டும். ராமையன்பட்டியிலோ வேப்பேரியிலோ உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் அந்த வசதி இப்போது உண்டா என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

வைகைக்கரை (மதுரை)

ஐயா சொன்னபடியே செய்து பார்த்தோம். சாவிக்கொத்து, டம்ளர், கடைசியில் பூஜை மணி. எதற்கும் அசையவில்லை. விழித்திருக்கும்போது அவனுக்குப் பின்னால் மகள் பீப்பி ஊதினாள். எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தவன் பார்த்துக்கொண்டே இருந்தான். மருத்துவரிடமும் காட்டினோம், இரண்டு காதும் கேட்கவில்லை என்றுதான் தோன்றுகிறது என்றார். ஊசியும் குடற்புழு மருந்தும் தொடங்கியாயிற்று.

கொடுத்தவரிடம் பேசினேன். திருப்பிக் கொண்டுவாருங்கள், அடுத்த ஈற்றில் வேறு குட்டி தருகிறேன் என்கிறார். இதைக் கேட்டதிலிருந்து வீட்டில் யாரும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. காது கேளாத நாய் குழந்தையைக் கடித்துவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். என்ன செய்வது?

சமவெளி (தஞ்சாவூர்)

என் கருத்து சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். முதன்முதலாக நாய் வளர்க்கும் குடும்பம், வீட்டில் சிறு பிள்ளை, வயதான அம்மா. ராஜபாளையம் வளர்ந்தால் தோள் உயரம் இரண்டடிக்கு மேல் போகும், பன்றி வேட்டைக்குப் பெயர்போன இனம். கேட்கும் நாயையே அடக்கி வளர்க்கப் பொழுது வேண்டும். உங்களால் முடியாது என்று தோன்றினால் இப்போதே சொல்லிவிடுவது அந்தக் குட்டிக்கும் நல்லது. ஒரு வயதான பிறகு கைவிடுவதுதான் கொடுமை. முடியாது என்று சொல்வதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

கரிசல்மண் (ராஜபாளையம் வட்டாரம்)

சமவெளி சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் திருப்பிக் கொடுத்தால் அந்தக் குட்டி எங்கே போகும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். உங்களிடம் சொல்லாமல் விற்றவர் அடுத்தவரிடம் மட்டும் சொல்லியா விற்பார்? வளர்க்க முடியாவிட்டால், உண்மையைச் சொல்லி, தெரிந்தே ஏற்றுக்கொள்ளும் வீட்டைத் தேடிக் கொடுங்கள். அவர் கையில் மறுபடி கொடுக்காதீர்கள்.

எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம், விற்பனை விதிகள் சொல்கின்றன. ஆனால் சந்தையில் நடப்பது வேறு. 2005இல் இந்திய நாய் இனங்களுக்காக அஞ்சல்துறை வெளியிட்ட நான்கு தபால்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. எங்கள் ஊருக்கு அது பெருமை. அந்தப் பெருமையை இன்றைக்குப் பால்வெள்ளைக்கும் சிவந்த மூக்குக்கும் விலையாக்கிவிட்டார்கள். வாங்குபவர் வெள்ளை கேட்கிறார், விற்பவர் அண்ணன் தங்கையையே சேர்த்து ஈன வைக்கிறார். காது கேளாத நாயையும் சேர்க்கைக்கு விடுகிறார்கள். என் கோபம் அங்கேதான். இனி வாங்குபவர்கள் தாயையும் தகப்பனையும் நேரில் பாருங்கள். குட்டியைக் கூட்டத்திலிருந்து பிரித்துத் தனியாக வைத்து ஓசை எழுப்பிப் பாருங்கள். கூட்டத்தில் இருந்தால் மற்றவை ஓடுவதைப் பார்த்துச் செவிட்டுக் குட்டியும் ஓடிவரும், கண்டுபிடிக்க முடியாது.

வேலனை எக்காரணம் கொண்டும் சேர்க்கைக்கு விடாதீர்கள். காவலுக்கு ஆகாதே என்று யாராவது சொன்னால் கவலைப்படவும் வேண்டாம். வாசலில் அந்நியர் வந்தால் மூக்கும் கண்ணும் சொல்லும்.

நீலாம்பரி (கோயம்புத்தூர்)

எங்கள் வீட்டு முத்துவுக்கும் இரண்டு காதும் கேட்காது. அவளும் ராஜபாளையம்தான், வளர்ந்து பெரியவளாகிவிட்டாள். வைகைக்கரை அண்ணா, வைத்துக்கொள்வதா கொடுப்பதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். வைத்துக்கொள்வதாக இருந்தால், பேச்சுக்குப் பழக்குவதைப் போலவே கைக்கும் பழக்கலாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

அவன் விளக்கை அணைத்ததும் அழுவதற்கு எனக்குக் காரணம் தெரிகிறது. கேட்கும் குட்டிக்கு இருட்டில் உங்கள் மூச்சாவது கேட்கும். இவனுக்கு விளக்கு போனால் எல்லாமே போய்விடுகிறது. சிறிய இரவு விளக்கை எரியவிடுங்கள், உங்கள் கை பெட்டிக்குள் தொங்கும்படி படுங்கள். கரிசல்மண் ஐயாவின் வழக்கத்தை மதிக்கிறேன், ஆனால் இந்தக் குட்டியை இருட்டு வாசலில் தனியாக விடாதீர்கள்.

பயிற்சியில் முதலாவது, உங்கள் முகத்தைப் பார்க்கும் வழக்கம். சுவரோரம் தரையில் உட்காருங்கள். வேகவைத்த கோழியைச் சுண்டைக்காய் அளவில் பிய்த்து மூடிய கையில் வைத்துக்கொள்ளுங்கள். எதுவும் செய்யாமல் காத்திருங்கள். வேலன் கையை நக்குவான், விரலைப் பிறாண்டுவான், மடியில் ஏறுவான், திரும்பிப் போய் மீண்டும் வருவான். எதுவும் பலிக்காதபோது நிமிர்ந்து உங்கள் கண்ணைப் பார்ப்பான். அந்த நொடியில் கட்டைவிரலை உயர்த்துங்கள், உடனே கோழியைக் கொடுங்கள். கட்டைவிரல் என்றால் சரி, இதோ வருகிறது தின்பண்டம். மற்ற எல்லாப் பாடமும் இதன் மேல்தான் நிற்கும். முத்து இன்றைக்கும் நடைப்பயிற்சியில் பத்தடிக்கு ஒருமுறை திரும்பி என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

பிறகு சைகைகள். ஒரு கையால் செய்யக்கூடியதாக வைத்துக்கொள்ளுங்கள், மறு கையில் கயிறோ பையோ இருக்கும். உள்ளங்கையை மேல்நோக்கி உயர்த்தினால் உட்கார். விரல்களை மார்பை நோக்கி மடக்கினால் வா. விரித்த கையை முன்னால் காட்டினால் இரு. சுட்டுவிரலை இடவலமாக அசைத்தால் வேண்டாம். ஆளுக்கு ஒரு சைகை கூடாது. அம்மாவும் மகளும் செய்வது ஒன்றாக இருக்கும்படி சமையலறைச் சுவரில் படம் வரைந்து ஒட்டுங்கள். சைகை காட்டும்போது வாயாலும் பேசுங்கள், பேசும்போதுதான் நம் முகம் இயல்பாக மாறும். தொலைவிலோ இருட்டிலோ கூப்பிட வேண்டுமானால் வாசல் விளக்கை அணைத்து அணைத்துப் போடலாம். லேசர் ஒளியைக் காட்டி ஓட விடாதீர்கள். எதையாவது துரத்தும் புத்தி இந்த இனத்துக்கு இயல்பு, கையில் சிக்காத ஒளிப்புள்ளியைத் தேடித்தேடிச் சுவரைப் பிறாண்டும் நோயாகிவிடும்.

அக்கம்பக்கத்தில் சொல்லும் கடி விஷயத்துக்கு வருகிறேன். தூங்கும் நாயைத் திடீரென்று தொட்டால் திடுக்கிட்டு எழும். அந்தத் திடுக்கிடலை இப்போதே சந்தோஷமாக மாற்றிவிட வேண்டும். அவன் தூங்கும்போது கோழித் துண்டை மூக்கருகே பிடியுங்கள், வாசனையிலேயே விழிப்பான், கொடுத்துவிடுங்கள். இது பழகிய பிறகு தோள்பட்டையில் ஒரு விரலால் மெல்லத் தொட்டு, கண் திறந்ததும் கொடுங்கள். எப்போதும் அதே இடம். நாளாக ஆக உள்ளங்கையால் தொடலாம், கொஞ்சம் அழுத்தலாம். தொட்டால் தின்பண்டம் என்று உடம்பில் ஊறிவிட்டால் எழுந்ததும் வாலை ஆட்டுவான். அதுவரை அவன் தூங்கும்போது மகள் கிட்டே போக வேண்டாம். படுக்கையையும் ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் வையுங்கள்.

விளையாட்டில் கடிப்பதற்கு: கத்தினால் மற்றக் குட்டிகள் விட்டுவிடும், இவனுக்குக் கேட்பதில்லை. மகள் கத்தி ஓடினால் பாவாடை பறக்கும், அவனுக்கு அது இன்னும் பெரிய விளையாட்டு. அவள் கையைக் கட்டிக்கொண்டு மரம்போல நிற்கட்டும், முகத்தைத் திருப்பிக்கொள்ளட்டும். வாயை எடுத்ததும் முறுக்கிய துணியைக் கொடுக்கட்டும். பால்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைத்து முடிய ஆறேழு மாதம் ஆகும், அதுவரை ஈறு குறுகுறுக்கும்.

வேலி இல்லாத இடத்தில் ஒருநாளும் கயிறில்லாமல் விடாதீர்கள். பஸ் ஹாரன் அவனுக்கு இல்லை. கழுத்துப்பட்டையில் ‘காது கேளாது’ என்றும் உங்கள் தொலைபேசி எண்ணும் பொறித்த வில்லை. கூடவே ஒரு சின்னச் சலங்கை. கூப்பிட்டால் குரைத்துப் பதில் சொல்லாதவன் எங்கே இருக்கிறான் என்று உங்களுக்குத் தெரிய வேண்டுமே. வீட்டை விட்டுக் கிளம்பும்போது தொட்டுச் சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போனால் அறை அறையாகத் தேடுவான்.

மொட்டைமாடி (சென்னை)

நீலாம்பரி அக்கா, அதிரும் கழுத்துப்பட்டை என்று விற்கிறார்களே, கூப்பிடுவதற்கு அது உதவுமா?

டாக்டர்_நெல்லை (திருநெல்வேலி)

நானே சொல்லிவிடுகிறேன். கைபேசியைப் போல அதிர மட்டும் செய்யும் பட்டை உண்டு, மின்னதிர்ச்சி கொடுக்கும் பட்டையும் உண்டு. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். மின்னதிர்ச்சி உள்ளதைத் தொடவே தொடாதீர்கள். காரணம் தெரியாமல் வலித்தால், அந்த நேரத்தில் எதிரே நிற்பவர்தான் வலிக்குக் காரணம் என்று நாய் முடிவு கட்டும். அது மகளாகவும் இருக்கலாம். அதிரும் பட்டையை உடல் வளர்ந்த பிறகு, அதிர்ந்தால் முகத்தைப் பார், கோழி கிடைக்கும் என்ற பொருளில் மட்டும் பழக்கலாம். இந்த வயதில் தேவையில்லை.

தீபாவளிக்குச் செவிட்டுக் குட்டி பயப்படாது என்று நினைத்துவிடாதீர்கள். வெளிச்சமும் தரையின் அதிர்வும் தெரியும். திரையை மூடி விளக்கைப் போட்டு வையுங்கள்.

வைகைக்கரை (மதுரை)

வேலன் இங்கேயே இருக்கிறான். முடிவை அறிவித்தது அம்மாதான். இரவு விளக்கு போட்ட அன்றே அழுகை பாதியாகக் குறைந்ததைப் பார்த்துவிட்டு, பாவம், இருட்டுக்குத்தான் அழுதிருக்கிறது என்றார். அதன் பிறகு போர்டிகோப் பேச்சு எழவில்லை. உட்கார் என்பதைக் கற்றுக்கொண்டான், வா இன்னும் பாதிதான். கூடத்து மூலையைக் கழுவியதும் அங்கே போவது நின்றுவிட்டது. இப்போது பின்வாசல் கறிவேப்பிலைச் செடிதான் அவன் இடம். தூக்கத்திலிருந்து எழுப்பும் பாடத்தை மனைவி எடுத்துக்கொண்டிருக்கிறார், மூக்கருகே வாசனை காட்டுவதில் இருக்கிறோம்.

சமவெளி ஐயா சொன்னதையும் யோசித்தோம். பொழுது ஒதுக்க முடியுமா என்று உட்கார்ந்து பேசி, காலை நேரத்தை நானும் மாலையை மனைவியும் பிரித்துக்கொண்டோம்.

இரண்டு கேள்விகள். மகள் இடதுகைக்காரி, சைகைகளை இடது கையால்தான் காட்டுகிறாள். வேலன் குழம்புவானா? இன்னொன்று, அம்மா அவனுக்குத் தினமும் பசும்பால் வைக்கிறார், வயிறு இளகிப் போகிறது.

நீலாம்பரி (கோயம்புத்தூர்)

இடது கையாலேயே காட்டட்டும். முதலில் கொஞ்சம் விழிப்பான். அவளும் அதே பாடத்தைக் கோழித் துண்டு வைத்து முதலிலிருந்து நடத்தினால் விரைவில் பிடித்துக்கொள்வான். கையின் வடிவம் ஒன்றாக இருந்தால் போதும். எங்கள் மாமனாருக்கு வலது கை சரியாக எழாது, முத்து அவருடைய இடது கையைப் பார்த்தே உட்காருவாள்.

டாக்டர்_நெல்லை (திருநெல்வேலி)

பாலை நிறுத்துங்கள். தாய்ப்பால் மறந்த குட்டிகள் பலவற்றுக்குப் பசும்பாலின் சர்க்கரை செரிக்காது. குட்டிகளுக்கான தீவனத்தையே தினமும் நான்கு வேளையாகப் பிரித்து வையுங்கள். அம்மாவுக்குக் கையால் ஏதாவது கொடுத்தே ஆக வேண்டுமென்றால் உப்பில்லாமல் வேகவைத்த முட்டை கொடுக்கலாம். வெங்காயம், திராட்சை, சாக்லேட் வேண்டாம். நாம் போடும் காய்ச்சல் மாத்திரையும் வேண்டாம். பாலை நிறுத்தியும் வயிறு சரியாகவில்லை என்றால் மலத்தைச் சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள், புழு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். வாந்தி, சோர்வு, இரத்தம் கலந்த கழிச்சல் இருந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள், அன்றே போய்விடுங்கள்.